பதின்மூன்று புள்ளி, பன்னிரண்டு மாதம்

சிங்கப்பூரில் லைசன்ஸ் கைக்கு வந்த முதல் ஆண்டிலேயே வேகக் குற்றத்தில் மாட்டியவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்து வட்டாரத்தை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு இருபது வயது. லைசன்ஸ் எடுத்து ஏழு மாதம்தான் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன் பிஐஇ விரைவுச்சாலையில் 90 போக வேண்டிய இடத்தில் 104 போனதாகச் சம்மன் வந்தது. 200 வெள்ளி கட்டிவிட்டோம். இப்போது வீட்டுக்குப் பக்கத்துச் சாலையில், 50 இடத்தில் 73 என்று இன்னொன்று வந்திருக்கிறது. "லைசன்ஸ் போச்சும்மா" என்கிறான். இரண்டே சம்மனுக்கா? இவனுடைய அண்ணன் இதைவிட அதிகமாக வாங்கியும் தப்பித்தானே?
(யீஷூன் வாசகி)

பதில்: உங்கள் மகன் சொல்வது சரிதான். கணக்கைப் பாருங்கள்.

முதல் குற்றத்தில் 14 கிலோமீட்டர் கூடுதல். வரம்பைவிட 1 முதல் 20 வரை கூடினால் 6 குற்றப்புள்ளி. இரண்டாவதில் 23 கூடுதல். 21 முதல் 30 வரை என்றால் 8 புள்ளி. ஆக மொத்தம் 14. புதிய ஓட்டுநர் முதல் பன்னிரண்டு மாதத் தகுதிகாண் காலத்தில் 13 புள்ளியைத் தொட்டாலே உரிமம் ரத்தாகும். சில வாரமோ சில மாதமோ முடக்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இதில் கிடையாது. உரிமமே இல்லாமல் போய்விடும், தேர்வுகளை முதலிலிருந்து எழுத வேண்டும்.

அண்ணன் தப்பித்ததற்கும் காரணம் இருக்கிறது. 2026 ஜனவரி 1-க்கு முன்பு முதல் படிக்கு 4 புள்ளி, இரண்டாம் படிக்கு 6 புள்ளி. இதே இரண்டு குற்றத்தை அவர் அப்போது செய்திருந்தால் 10 புள்ளியோடு நின்றிருக்கும். இன்று அதே கால் அழுத்தத்துக்கு 14. 31 முதல் 40 வரை கூடினால் முன்பு 8, இப்போது 12. 40-ஐத் தாண்டினால் அபராதம் கட்டி முடிக்கும் வழியே இல்லை, நேராக நீதிமன்றம்தான். அங்கே போடும் புள்ளி ஒரே அடியில் 13-ஐக் கடந்துவிடும். வீட்டில் மூத்தவர்களும் கூட்டாளிகளும் சொல்லும் "மூணு நாலு சம்மன் வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்ற பழைய கணக்கை நம்பித்தான் இந்த ஆண்டு பலர் ஏமாறுகிறார்கள்.

அடுத்து நடப்பது இதுதான். சம்மனில் உள்ள அபராதத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள். அதன் பின் புள்ளி பதிவாகும். பிறகு போக்குவரத்துப் போலிசிடமிருந்து உரிமம் ரத்து பற்றிய கடிதம் வரும். அதில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியிலிருந்து உங்கள் மகன் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்காரக்கூடாது, கார்ப்பேட்டையில் வண்டியை இடம் மாற்றி நிறுத்துவதற்காகக்கூட. அவரிடம் கார் லைசன்ஸோடு மோட்டார்சைக்கிள் லைசன்ஸும் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். ரத்து என்பது ஒரு வகுப்புக்கு மட்டுமல்ல.

இரண்டாவது சம்மனை இன்னும் கட்டவில்லை என்றால், கட்டுவதற்கு முன் இணையத்தில் அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் வழி நுழைந்து குற்றப் படத்தையும் விவரங்களையும் பாருங்கள். வண்டி எண், இடம், நேரம், அந்தச் சாலையின் வரம்பு ஆகிய நான்கையும் ஒத்துப் பார்க்க வேண்டும். எண் தவறாகப் படிக்கப்பட்டிருந்தாலோ, வண்டி அப்போது வேறிடத்தில் இருந்ததற்கு ஆதாரம் இருந்தாலோ, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதற்கு மருத்துவமனைச் சான்று இருந்தாலோ மேல்முறையீடு எழுதலாம். "வேலைக்குக் கார் தேவை", "பரீட்சைக்கு நேரமாகிவிட்டது", "முதல் தடவை" ஆகியவை வருத்தத்தைத்தான் காட்டும். குற்றம் நடக்கவில்லை என்று காட்டாது. கட்டிவிட்டு மேல்முறையீடு செய்வது வாசல் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போக வழி கேட்பது போல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம், பலர் யோசிப்பதுதான். இரண்டாவது அபராதத்தை இழுத்தடித்து, ஓராண்டு முடிந்த பிறகு கட்டினால் தகுதிகாண் காலம் கடந்துவிடுமே என்று தோன்றலாம். அது பலிக்காது. குற்றம் நடந்த தேதிதான் கணக்கு, பணம் கட்டிய தேதி அல்ல. கெடு தாண்டினால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் அபராதமும் கூடும்.

கேள்வி: கார் அப்பா பேரில் இருக்கிறது. அவருக்கு இருபத்தைந்து வருட அனுபவம், ஒரு புள்ளியும் இல்லை. கடிதமும் அவருக்குத்தான் வந்தது. "நான் ஓட்டினதாச் சொல்லிடறேன், உனக்கு லைசன்ஸ் போனா படிப்பு கெடும்" என்கிறார். செய்யலாமா?
(தெம்பனிஸ் வாசகர்)

பதில்: செய்யாதீர்கள், தம்பி. அப்பாவையும் செய்ய விடாதீர்கள்.

கடிதம் முதலில் வண்டி உரிமையாளருக்குப் போவது வழக்கமான நடைமுறை. ஓட்டியது அவர் இல்லை என்றால், யார் ஓட்டினார் என்பதை 14 நாளுக்குள் இணையச் சேவையில் தெரிவிக்க வேண்டும். அந்த இடத்தில் பொய்யான விவரம் கொடுப்பது தனிக் குற்றம். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்களுக்குப் புள்ளியும் அபராதமும்தான் பிரச்சினை. அப்பாவுக்குக் குற்றப் பதிவு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

காசு கொடுத்து வேறொருவர் தலையில் புள்ளியை ஏற்றும் ஏற்பாடு இன்னும் மோசம். வாங்கியவரும் கொடுத்தவரும் இங்கே சிறைக்குப் போயிருக்கிறார்கள். தொலைபேசி இருப்பிடம், வண்டிக்குள் இருக்கும் கேமரா, கட்டண நுழைவுப் பதிவு என்று ஓட்டியவரைக் காட்டிக்கொடுக்க ஆயிரம் சாட்சி உண்டு.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். உங்கள் பேரில் உள்ள வண்டியை உண்மையிலேயே வேறொருவர் ஓட்டியிருந்தால், அந்த 14 நாளைத் தவறவிடாதீர்கள். "சொந்தக்காரப் பையன், எப்படிப் பேரைக் கொடுப்பது" என்று தயங்கி நாள் கடந்தால், உரிமையாளர்தான் ஓட்டியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அவரே புதிய ஓட்டுநராக இருந்தால் புள்ளி அவர் கணக்கில் விழும்.

கேள்வி: கம்பெனி வேன் ஓட்டுகிறேன். லைசன்ஸ் கிடைத்து ஒன்பது மாதம். ஏஒய்இ விரைவுச்சாலையில் வரம்பு 90. நான் 86-தான் போனேன். அப்படியும் வேகக் குற்றம் என்று சம்மன். தவறாக அனுப்பிவிட்டார்களா?
(துவாஸ் வாசகர்)

பதில்: தவறில்லை. சாலையோரப் பலகையில் உள்ள 90 கார்களுக்கும் மோட்டார்சைக்கிள்களுக்கும் உரியது. இலகு சரக்கு வாகனத்துக்கு, அதாவது நீங்கள் ஓட்டும் வேன் வகைக்கு, விரைவுச்சாலையில் உச்ச வேகம் 70. வண்டியின் பின்புறம் வட்டமாக ஓர் எண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் உங்கள் வரம்பு. 86-இலிருந்து 70-ஐக் கழித்தால் 16. ஆறு புள்ளி. கனரக லாரிகளுக்கு விரைவுச்சாலையிலும் 60-தான்.

புதிதாக வகுப்பு 3 எடுத்து, கார் ஓட்டிப் பழகி, பிறகு கம்பெனி வேனில் ஏறுபவர்கள் விழும் குழி இது. பள்ளியில் காரில்தான் பயின்றோம், வேனும் அதே லைசன்ஸில் ஓட்டலாம், ஆகவே அதே வேகம் என்று மனம் தானாக முடிவு செய்துவிடுகிறது. சாலையின் வரம்பு, வண்டியின் வரம்பு இரண்டில் எது குறைவோ அதுவே உங்களுடையது. 60 என்று போட்ட சாலையில் வேன் 70 போகலாம் என்று பொருளல்ல.

உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கையில் 6 புள்ளி. இன்னொரு 6 வந்தால் 12, அதுவரை உயிரோடு இருப்பீர்கள். ஒரு முறை 20-க்கு மேல் கூடினால் முடிந்தது. அது வேகத்துக்கு மட்டும் போட்ட கணக்கு. சிவப்பு விளக்கை மீறினால் 12 புள்ளி, ஓட்டும்போது கையில் போனைப் பிடித்தால் 12 புள்ளி. இந்த இரண்டில் எது நடந்தாலும் உங்கள் 6-உடன் சேர்ந்து 18. சீட் பெல்ட் போடாததற்கு 3, விரைவுச்சாலையின் ஓரத்தடத்தில் ஓட்டினால் 4. சில்லறை போலத் தெரியும். சில்லறைதான் சேர்ந்து பதின்மூன்றாகிறது.

வேலையிடத்தில் ஒன்று கேட்டு வாங்குங்கள்: வேன் சாவியை யார் எப்போது எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்று எழுதும் புத்தகம். ஒரே வேனை நாலு பேர் ஓட்டும் கம்பெனியில், சம்மன் வரும்போது அந்தப் புத்தகம் இல்லை என்றால் பேச்சுக்குப் பேச்சுதான் மிஞ்சும். புதிதாக வந்தவர் மேல் சாட்டிவிடுவது எளிது.

கேள்வி: மீட்டரில் 92-தான் காட்டியது. கேமரா 97 என்கிறது. மீட்டர் பழுதென்று வாதிடலாமா?
(புக்கிட் பாஞ்சாங் வாசகர்)

பதில்: அந்த வாதம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். கார்களின் வேக மீட்டர்கள் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டாதபடிதான் செய்யப்படுகின்றன. பன்னாட்டு விதியின்படி கூட்டிக் காட்டலாம், பத்து விழுக்காடும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. அதாவது உண்மையில் 90 போகும்போது மீட்டர் 103 வரைகூடக் காட்டலாம், 89 காட்டக்கூடாது. ஆகவே நல்ல நிலையில் உள்ள காரில் மீட்டர் 92 என்றால் உண்மை வேகம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

அப்படியானால் உங்கள் காரில் எப்படித் தலைகீழாக வந்தது? டயரைப் பாருங்கள். கம்பெனி போட்ட அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிகத் தூரம் உருளும். மீட்டர் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது, தூரத்தை அல்ல. உதாரணமாக 195/65 ஆர் 15 டயரின் விட்டம் ஏறக்குறைய 634 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 205/65 ஆர் 15 போட்டால் 647. இரண்டு விழுக்காடு கூடுகிறது. இன்னும் பெரிய ரிம், தடித்த டயர் என்று போனால் நான்கைந்து விழுக்காடு. பழைய கார் வாங்கிய புதிய ஓட்டுநருக்கு முந்தைய உரிமையாளர் என்ன டயர் மாற்றினார் என்றே தெரிந்திருக்காது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் சரியான அளவு இருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மற்றபடி இது அபராதத்திலிருந்து தப்பிக்க உதவாது. வண்டியைச் சரியாக வைத்திருப்பது ஓட்டுபவர் பொறுப்பு.

"ஐந்து கிலோமீட்டர்தானே" என்ற எரிச்சல் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. விரைவுச்சாலையில் 10 கிலோமீட்டர் தூரத்துக்கு 90-க்குப் பதில் 110 போனால் மிச்சமாவது ஒரு நிமிடம் 13 விநாடி. குடியிருப்புச் சாலையில் வேறு ஒரு கணக்கு உண்டு. 50 போகும் காரும் 70 போகும் காரும் ஒரே இடத்தில் குறுக்கே வரும் ஒருவரைப் பார்க்கின்றன. கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. உலர்ந்த சாலை, நல்ல பிரேக். 50 கார் சுமார் 28 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்தைக் கடக்கும்போது 70 கார் இன்னும் ஏறத்தாழ 58 வேகத்தில் இருக்கும். 20-தான் கூடுதல் என்று நினைத்தவர், முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் 58-இல் மோதுகிறார். மழை பெய்தால் இன்னும் மோசம்.

கேள்வி: சாலை விளக்குச் சந்திப்பில் பச்சை விளக்கில்தான் போனேன். சம்மன் எப்படி வரும்?
(அங் மோ கியோ வாசகர்)

பதில்: சிவப்பு விளக்குக் கேமராக்களில் வேகத்தைப் பிடிக்கும் வசதியும் உண்டு. 2024 ஏப்ரல் 1 முதல் அதைப் படிப்படியாக இயக்கத் தொடங்கினார்கள். விளக்கு பச்சையாக இருந்தாலும் வேகம் கூடினால் படம் விழும். பச்சை முடிவதற்குள் தாண்டிவிடலாம் என்று முடுக்குவதுதான் இங்கே மாட்டுவதற்கு வழக்கமான காரணம்.

தானா மேரா கோஸ்ட் சாலையில் இருப்பது வேறு வகை. 2018 டிசம்பரிலிருந்து அங்கே சராசரி வேகக் கேமரா. நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் நேரத்தைக் குறித்து, நடுவே எவ்வளவு விரைவாக வந்தீர்கள் என்று கணக்குப் போடும். கேமராப் பெட்டியைக் கண்டதும் பிரேக் அடிக்கும் வித்தை அங்கே எடுபடாது. பெட்டியைக் கண்டதும் திடீரென்று பிரேக் அடிப்பது எங்குமே நல்ல பழக்கமில்லை. பின்னால் வருபவர் உங்கள் மேல் ஏறிவிடுவார்.

கேள்வி: ஓராண்டு முடிய இரண்டு வாரம் இருக்கிறது. 12 புள்ளியில் நிற்கிறேன். ஓராண்டு முடிந்தால் எல்லாம் அழிந்துவிடுமா? புதிய ஓட்டுநர் என்று காட்டும் முக்கோண ஸ்டிக்கரை இப்போதே எடுத்துவிடலாமா?
(செங்காங் வாசகி)

பதில்: ஸ்டிக்கரை எடுக்காதீர்கள். முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் மேல் வலது மூலையில் அது ஓராண்டு முழுவதும் இருக்க வேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டு மாட்டிக்கொள்வது அநியாயம். வேறொருவர் காரை ஓட்டினாலும் நீங்கள் ஓட்டும்வரை ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே கைப்பையில் கூடுதலாக ஒரு ஜோடி வைத்திருப்பது நல்லது.

புள்ளிகள் அழிவதில்லை. ஓராண்டு முடிந்ததும் உங்களுக்கான எல்லைக்கோடு மட்டும் மாறும். அதன்பின் நீங்கள் மற்றவர்களைப் போல 24 மாதத்துக்குள் 24 புள்ளி என்ற கணக்குக்குள் வருவீர்கள். அதைத் தொட்டால் முதல் முறை 12 வாரம் உரிமம் நிறுத்தி வைக்கப்படும். அதற்குப் பிறகு வரம்பு 12 மாதத்தில் 12 புள்ளியாகச் சுருங்கும். உங்கள் 12 அந்த 24-க்குள் சுமையாகக் கூடவே வரும். தொடர்ந்து 12 மாதம் புள்ளி தரும் குற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால்தான் கணக்கு சுத்தமாகும்.

அனுமதிக்கப்பட்ட புள்ளியில் பாதியோ அதற்கு மேலோ சேர்த்தவர்களுக்குப் பாதுகாப்பான வாகனமோட்டும் பயிற்சி வகுப்பு உண்டு. முடித்தால் 4 புள்ளி கழியும். அது பற்றிக் கடிதம் வந்தால் மேசையில் போட்டு வைக்காதீர்கள். எல்லையைத் தாண்டி உரிமம் போன பிறகு அந்த வகுப்பால் பயனில்லை.

மற்றபடி இந்த இரண்டு வாரம் பேருந்திலும் எம்ஆர்டியிலும் போவது எங்கள் யோசனை. 12-இல் நிற்பவருக்கு சீட் பெல்ட்டே போதும்.

கேள்வி: லைசன்ஸ் ரத்தாகிவிட்டது. மறுபடி எடுக்க என்னென்ன செய்ய வேண்டும்? முன்பே பாஸ் பண்ணிய தியரி செல்லாதா?
(ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: செல்லாது. ரத்துக் கடிதத்தில் எந்தத் தேதி முதல் மீண்டும் கற்கலாம் என்பதை முதலில் பாருங்கள். அதன் பிறகு வரிசை இப்படி: பேசிக் தியரி, கற்பவருக்கான தற்காலிக உரிமம், பயிற்சி, ஃபைனல் தியரி, கடைசியாகச் சாலைத் தேர்வு.

தியரி இரண்டிலும் 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். பேசிக் தியரியைத் தமிழிலும் எழுதலாம். மறுபடி எழுதுபவர்கள் இதைப் படிக்காமலே போய்த் தோற்கிறார்கள். "ஓட்டத் தெரியுமே" என்ற தைரியம்தான் காரணம். நிறுத்தும் தூரம், சந்திப்பில் யாருக்கு முன்னுரிமை, மஞ்சள் கோட்டின் வகைகள் ஆகியவை ஓட்டிப் பழகியதால் நினைவில் நிற்பவை அல்ல. புத்தகத்தின் புதிய பதிப்பை வாங்குங்கள். பழைய பதிப்பில் அபராதமும் புள்ளியும் மாறியிருக்காது.

தற்காலிக உரிமம் இரண்டு ஆண்டு செல்லும். பயிற்சிக்குப் புக்கிட் பாத்தோக், ஊபி, ஊட்லண்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களில் பள்ளிகள் இருக்கின்றன. தனியார் பயிற்சியாளரிடமும் போகலாம். ஆனால் 1987-க்குப் பிறகு புதிய தனியார் பயிற்சியாளர் உரிமம் வழங்கப்படவில்லை. இருப்பவர்கள் வயதானவர்கள், எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. உங்களுக்கு ஏற்கெனவே கிளட்ச், கியர் தெரியும் என்பதால் நேரத்துக்குக் கணக்குப் பார்த்துப் பணம் கொடுக்கும் தனியார் வழி மலிவாக இருக்கலாம். பள்ளியில் சேர்ந்தால் தேர்வுத் தேதி கிடைப்பது ஓரளவு ஒழுங்காக இருக்கும். எப்படிப் போனாலும் சில ஆயிரம் வெள்ளியும் பல மாதமும் எடுத்து வையுங்கள். தேர்வுக் கட்டணங்கள் சிறியவை, செலவு முழுவதும் பயிற்சி நேரத்தில்தான். தேதிக்காகக் காத்திருப்பதுதான் நீளமான பகுதி, ஆகவே ஃபைனல் தியரியைப் பயிற்சி தொடங்கியவுடனே முடித்துவிடுங்கள். அது முடியாமல் சாலைத் தேர்வுக்குப் பதிவு செய்ய முடியாது.

தானியங்கிக்கு மாறி 3ஏ எடுத்தால் எளிது என்று சிலர் சொல்வார்கள். அலுவலகம் போய் வரக் கார் மட்டும் போதும் என்றால் சரி. கம்பெனி வேனோ லாரியோ ஓட்ட வேண்டிவரும் என்றால் மறுபடியும் வகுப்பு 3-க்கே போங்கள். கியர் வண்டி இன்னும் வேலையிடங்களில் நிறைய இருக்கிறது.

சாலைத் தேர்வில் 18 புள்ளி வரை கழிந்தால் தேர்ச்சி, 20 ஆனால் தோல்வி. நடைபாதை விளிம்பின் மேல் சக்கரம் ஏறினால் அங்கேயே முடிந்தது. முதல் முறை எழுதுபவர் பயத்தில் தோற்பார். மறுமுறை எழுதுபவர் பழக்கத்தில் தோற்பார். ஏழெட்டு மாதம் தனியாக ஓட்டியதில் கை ஒன்று கியர்க் கம்பியில் ஓய்வெடுக்கப் பழகியிருக்கும். தடம் மாறும்போது தோள் மேல் திரும்பிப் பார்ப்பது நின்று, பக்கக் கண்ணாடி மட்டும் போதுமென்று ஆகியிருக்கும். நில் என்ற கோட்டில் சக்கரம் முழுதாக நிற்காமல் மெல்ல உருண்டு போகும். 50 சாலையில் 54 சாதாரணமாகத் தோன்றும். பயிற்சியாளரிடம் முதல் பாடத்திலேயே "நான் பழைய ஆள், கெட்ட பழக்கத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைத் திருத்த நான்கைந்து பாடம் ஒதுக்கினால் போதும்.

பாஸ் பண்ணிய பிறகு முக்கோண ஸ்டிக்கர், ஓராண்டு, 13 புள்ளி எல்லாம் புதிதாகத் தொடங்கும். காப்புறுதி நிறுவனங்களும் அனுபவ ஆண்டுகளைப் புதிய உரிமத் தேதியிலிருந்து எண்ணக்கூடும். அனுபவம் குறைந்தவர் விபத்தில் மாட்டினால் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை கூடுதலாக இருக்கும். வீட்டுக் காரில் உங்கள் பெயரைச் சேர்க்கும்போது பழைய ரத்தை மறைக்காதீர்கள். விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். மறைத்தது தெரிந்தால் பணம் கேட்கும் நாளில் கையை விரித்துவிடுவார்கள்.

கேள்வி: உணவு விநியோகம் செய்கிறேன். 2பி மோட்டார்சைக்கிள் லைசன்ஸ் ரத்தாகிவிட்டது. கடிதத் தேதிக்குப் பிறகும் இரண்டு வாரம் ஓட்டிச் சம்பாதித்து, பிறகு நிறுத்தலாம் என்று இருக்கிறேன். அல்லது ஜொகூருக்குப் போய்ச் சகோதரர் வண்டியை ஓட்டலாமா?
(ஊட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: இரண்டுமே வேண்டாம். உரிமமில்லாமல் ஓட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. மறுமுறை என்றால் இரண்டும் இரட்டிப்பு. வண்டியே பறிமுதல் ஆகலாம். தெரிந்தே வண்டியைக் கொடுத்தவரும் குற்றவாளி, ஆகவே வாடகைக்கு மோட்டார்சைக்கிள் தந்தவரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். உரிமம் இல்லை என்றால் காப்புறுதியும் இல்லை. காப்புறுதியில்லாமல் ஓட்டுவது தனிக் குற்றம், அதற்கு 12 மாதம் ஓட்டத் தடையும் வரும். யாரையாவது இடித்துவிட்டால் அவருடைய மருத்துவச் செலவு உங்கள் தலையில்.

ஜொகூரில் உங்களை ஓட்ட விடுவது சிங்கப்பூர் உரிமம்தான். அது இங்கே ரத்தானால் அங்கேயும் கையில் ஒன்றுமில்லை.

வருமானம் நிற்கக்கூடாது என்றால் சைக்கிளிலோ நடந்தோ விநியோகிக்கும் முறைக்கு மாறிக்கொள்ளும் வசதி விநியோகச் செயலிகளில் உண்டு. உங்கள் கணக்கில் வாகன வகையை மாற்றச் சொல்லி அவர்களுக்கு இன்றே எழுதுங்கள். மோட்டார்சைக்கிள் என்று பதிவாகியிருக்கும்போது சைக்கிளில் ஓடினால் விபத்துக் காப்பீட்டில் சிக்கல் வரும். வேலை எடுக்கும் வட்டத்தையும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள், மதிய உணவு நேரத்தில் ஊட்லண்ட்ஸ் பேரங்காடியைச் சுற்றியே போதுமான வேலை கிடைக்கும்.